வாட்டம் வைத்த ஆட்டப்பலகை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். யார் தலையில் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம்; தலை கொடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு இடங்களில் குறைத்துச் சொல்லியிருக்கிறது. நடந்ததை நடந்த அளவுக்கே சொன்னால் பொய் என்று நினைத்துவிடுவார்கள் என்பதுதான் காரணம்.

நாற்பதடி ஏணியின் உச்சியில் ஒற்றைக் காலில் நின்று, வாயில் டெஸ்டரும் கக்கத்தில் வயர்ச்சுருளுமாக வேலை பார்த்த வயர்மேன் ஒருவர், ஒரு முழ உயரமுள்ள முக்காலியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றத்தான் ஏறினார். விழும்போதும் கடிகாரத்தைக் கைவிடவில்லை. அது சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கால்தான் முழங்காலுக்குக் கீழே புதிதாக ஒரு திசையைக் காட்டியது.

அவருடைய மனைவி டைல்ஸ் பதிக்கிறவள். எல்லோருக்கும் அவள் டைல்ஸ் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். பதினெட்டு வருஷமாகக் குளியலறைத் தரையாகவே போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். குளியலறைக்கு வாட்டம் வைக்க அக்காவுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். வாட்டம் என்றால், ஊற்றுகிற தண்ணீர் தேங்காமல் ஓட்டையைப் பார்த்து ஓடுவதற்காக, தரையைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு மூலைப் பக்கம் சாய்ப்பது. அக்கா வைத்த வாட்டத்தில் கொட்டின தண்ணீர், கொட்டினவர் குவளையைக் கீழே வைப்பதற்குள் தெருவைத் தாண்டியிருக்கும். ஒரு வீட்டில் கை தவறி விழுந்த சோப்பை மூன்றாவது தெருவில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, வயர்மேனிடம் பேசாமல் அக்காவிடம் பேசினார். யாரிடம் பேசினால் வேலை நடக்கும் என்று தெரிந்த டாக்டர்.

"நாப்பத்திரண்டு நாள். அதுவரைக்கும் இந்தக் கால் தரையில படக் கூடாது. பட்டா எலும்பு கோணலாத்தான் சேரும். அப்புறம் ஏணி ஏறுறதை அவர் மறந்துட வேண்டியதுதான்."

ஏணி இல்லாத வயர்மேனை அக்காவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவரை முதல்முதலாகப் பார்த்ததே கீழேயிருந்துதான். இரண்டு பாதமும் ஒரு சிரிப்பும் தெரிந்தன. தரையில் அவர் ஒரு சாதாரண மனிதர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போடுகிறவர். ஏணி மேல் ஏறிவிட்டால் பாட்டு வரும், கேலி வரும், ஊர் நியாயமெல்லாம் வரும். அந்த மனிதரைத் தரையோடு கட்டிப்போட்டால் பாதி மனிதர்தான் மிஞ்சுவார்.

அதனால் அவள் தன் தொழில் வழியிலேயே யோசித்தாள். புதிதாகப் பதித்த தரையும் முறிந்த காலும் ஒன்றுதான். இறுகும்வரை மிதிக்கக் கூடாது. அதில் ஒரு சிக்கல் உண்டு. மிதிக்காதீர்கள் என்று வாசலில் பலகையைக் குறுக்கே வைத்துவிட்டு வந்தால், அதைத் தாண்டி முதலில் மிதிக்கிறவர் வீட்டுக்காரராகத்தான் இருப்பார். இந்தக் காலுக்கும் வீட்டுக்காரர் ஒருவர் இருந்தார்.

இரண்டாம் நாளே அவர் கட்டிலை விட்டு இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, டெஸ்டரோடு சுவிட்ச் போர்டுக்கு நொண்டிக்கொண்டிருந்தார். மின்விசிறியின் சத்தம் சரியில்லையாம். மூன்றாம் நாள் அலமாரி மேலிருந்த பழைய பெட்டிக்கு எட்டிக் குதித்தார். நேரம் போகட்டும் என்று அக்கா டிவி போட்டுவிட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது டிவியின் முதுகு கழன்று கட்டிலில் கிடந்தது. நாடகத்தில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள், இவர் அவளுடைய பின்பக்கத்தை ஊதித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் ரேடியோ. ஐந்தாம் நாள் இஸ்திரிப்பெட்டி. கழற்ற ஒன்றும் மிச்சமில்லாத ஆறாம் நாள் அவர் பார்வை மாவுக்கட்டின் மேல் போயிற்று. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வேலைக்குப் போகாமல் அவள் காவல் இருந்தாள். பாதி போட்ட குளியலறை ஒன்று அவளுக்காகக் காத்துக் கிடந்தது. அந்த வீட்டார் ஒரு வாரமாகத் துண்டும் கையுமாக அண்டை வீடுகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அக்காவின் தம்பி வந்தான். தச்சன். வாய் பேசுகிற அளவுக்குக் கை வேகம் கிடையாது. ஆனால் வாய் அவ்வளவு வேகம் என்பதால் கையும் மற்றவர்களைவிட வேகம்தான். அத்தானை உட்கார வைக்க ஒரே வழி ஆட்டம், ஆனால் கடையில் விற்கிற ஆட்டமெல்லாம் ஆகாது, அத்தான் அதைக் கழற்றிவிடுவார், நாமே செய்வோம் என்றான். ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நூறு கட்டம் போட்டான். ஜன்னல் சட்டத்தில் மிஞ்சின கட்டையிலிருந்து ஒரு பகடையும் செதுக்கினான். எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

அந்தக் கட்டையில் ஒரு கணு இருந்தது. கணு இருக்கிற பக்கம் கனம். எப்படி உருட்டினாலும் ஐந்துதான் விழும். அக்காவுக்கு ஐந்து, தம்பிக்கு ஐந்து, வயர்மேனுக்கு ஐந்து. யார் முதலில் உருட்டினாரோ அவரே ஜெயித்தார். மூன்று ஆட்டம் பொறுமையாக ஆடிவிட்டு வயர்மேன் பகடையைத் தம்பியின் கையில் வைத்தார்.

"இது ஆட்டம் இல்ல மச்சான். இது வரிசை. நான் கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்."

மாவுக்கட்டுக் கால் தரைக்கு நாலு விரல் மேலே வந்தபோது அக்கா பாய்ந்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அப்படியே அரை மணி நேரம் ஏந்திக்கொண்டு நின்றாள். அந்த அரை மணி நேரத்தில்தான் அவள் முடிவு செய்தது: இனிமேல் பலகையை நானே செய்கிறேன்.

பழைய வேலைகளில் மிஞ்சின டைல்ஸ் துண்டுகள் அவள் வீட்டு மாடிப்படி அடியில் இரண்டு மூட்டை இருந்தன. நீலம், பச்சை, செங்கல் நிறம், யாரோ ஒரு பணக்காரர் பார்த்ததும் வேண்டாம் என்று சொன்ன ரோஸ். நாலங்குலச் சதுரமாக நாற்பத்திரண்டு துண்டு வெட்டினாள். நாளுக்கு ஒன்று என்று கணக்கு. தம்பி அறுத்துக் கொடுத்த கனத்த பலகை மேல் சாந்து பரப்பி, ஆறுக்கு ஏழாகப் பதித்தாள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சந்து ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று சின்னச் சின்ன பிளாஸ்டிக் சிலுவைகளைச் செருகினாள். மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூன்று நாள் வைத்தாள். அந்த மூன்று நாளும் வயர்மேனுக்குச் சாக்கை நனைக்கிற வேலை கொடுக்கப்பட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடி மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தார். காய்ந்ததும் சிலுவைகளைப் பிடுங்கி எடுத்தாள். சந்தில் வெள்ளைச் சிமென்ட் நிரப்பவேண்டியது மட்டும் பாக்கி. அது தீர்ந்துபோயிருந்தது.

பலகையை இரண்டு பேர் தூக்க முடியவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் வந்து கை கொடுத்தாள். கட்டிலை ஒட்டி மேசை போட்டு அதன் மேல் இறக்கியபோது, கீழ்வீட்டுக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து தையல்காரம்மா தைக்க வைத்திருந்த இட்லிமாவு நிறச் சேலைத்துணியில் விழுந்தது. நல்லவேளை, நிறம் ஒத்துப்போனதால் யாரும் கவனிக்கவில்லை.

ஆளுக்கொரு காய் வேண்டும் என்றார்கள். தம்பி ஒரு மரக்குமிழை எடுத்துக்கொண்டான். அக்கா ஒரு கூழாங்கல். வயர்மேன் தன் சட்டைப்பையைத் துழாவி, எப்போதோ மின்விசிறி பேரிங்கிலிருந்து கழற்றின எஃகுக் குண்டு ஒன்றை எடுத்து, "இதுதான் என் காய்" என்று அடம் பிடித்தார். குண்டு உருண்டுவிடும் என்று இருவரும் சொன்னார்கள். மட்டமான பலகையில் எதற்கு உருளப்போகிறது என்று கேட்டுவிட்டு, முதல் கட்டத்தில் வைத்தார்.

குண்டு ஒரு கணம் யோசித்தது. பிறகு சந்துக்குள் இறங்கியது. நேராக ஓடி, ஓரத்தில் முட்டி, திரும்பி, ஓரத்தோடு ஓடி, மூலையில் வந்து எகிறி வயர்மேன் மடியில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி அதே வழி, அதே மடி. மூன்றாவது தடவையும் அப்படியே.

தம்பி, தரை சமமா என்று பார்க்கிற மட்டப்பலகையை எடுத்து டைல்ஸ் மேல் வைத்தான். அதன் கண்ணாடிக்குள் இருந்த நீர்க்குமிழ் ஒரு பக்கமாக ஒதுங்கி ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"ஏன்க்கா, ஆடுற பலகைக்கு வாட்டம் வெச்சிருக்கே? இதுல யாரு குளிக்கப்போறாங்க?"

அக்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது. பதினெட்டு வருஷக் கை. தரை என்று கண்ணில் பட்டதும் மூளையைக் கேட்காமல் கையே சாய்த்துவிட்டது. மூலைக்கு முக்கால் அங்குலம். ஒரு பொட்டுத் தண்ணீர் நிற்காது. சொல்லப்போனால் அவள் வாழ்நாளில் வைத்த மிக நல்ல வாட்டம் அது. சிரித்துச் சிரித்துத் தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். பெயர்த்து எடுத்து மறுபடி பதிக்கிறேன் என்று அவள் உளியைத் தேடப் போனாள்.

"இரு," என்றார் வயர்மேன். "இன்னொரு தடவை போடு."

அவர் குனிந்து, கண்ணைப் பலகையோடு பலகையாக வைத்து, சந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு நாளில் முதல் தடவையாக அவர் வாசல் பக்கம் பார்க்கவில்லை. அக்கா உளியைக் கீழே போட்டாள். வெள்ளைச் சிமென்ட் பக்கமே அப்புறம் யாரும் போகவில்லை.

ஆட்டம் அங்கேயே பிறந்தது. குண்டு இரண்டு சந்து கூடுமிடத்துக்கு வருகிறது. நேர்வழியில் ஒரு கட்டையைச் செருகிவிட்டால் பக்கத்து வழியில் திரும்புகிறது. அப்படியானால் கட்டை வைக்கிறவர் சொல்கிற இடத்துக்குக் குண்டு போகும். தம்பி அன்றைக்கே சின்ன ஆப்புகளாகச் சீவித் தள்ளினான். அக்கா தன் பிளாஸ்டிக் சிலுவைகளைத் தடுப்பாக எடுத்துக்கொண்டாள். வயர்மேனுக்கு, வயரைச் சுவரோடு பிடிக்கிற கிளிப்புகள். பலகையின் தாழ்ந்த மூலையில் ஒரு ஓட்டையும், மூலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக மூன்று ஓட்டை துளைத்தார்கள். ஆளுக்கு ஒன்று. குண்டு யாருடைய ஓட்டையில் விழுகிறதோ அவருக்கு ஒரு புள்ளி.

முதலில் எத்தனை தடுப்பு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றிருந்தது. தம்பி நாற்பத்தெட்டு ஆப்பு அடித்துத் தன் ஓட்டைக்கு ராஜபாட்டை போட்டுக்கொண்டான். அதனால் ஒரு முறைக்கு ஒரு தடுப்பு வைக்கலாம் அல்லது ஒன்றை எடுக்கலாம், இரண்டும் கூடாது என்று அக்கா மாற்றினாள். பிறகு தங்கள் தடுப்பை மட்டும்தான் எடுக்கலாமா, அடுத்தவருடையதையும் எடுக்கலாமா என்று சண்டை வந்தது. அடுத்தவருடையதை எடுக்கலாம்; ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இந்த விதியால்தான் ஆட்டத்தில் பாதிச் சிரிப்பு.

கடைசி விதியை அக்கா தனியாக யோசித்து, செங்கல் நிறத் துண்டில் கரியால் எழுதி, பலகையின் விளிம்பில் சாய்த்து வைத்தாள்: 'மாற்று ஆளை உட்கார வைக்காமல் எழுந்தவர் புள்ளி அத்தனையும் பூஜ்யம்.'

வயர்மேன் அதை இரண்டு தடவை படித்தார். சரி என்றார். மாற்று ஆள் வைத்தால் எழலாம்தான். ஆனால் தான் போட்ட வயரிங்கை இன்னொருவன் தொட்டால் மூன்று நாள் சோறு இறங்காத மனிதர், தன் இருக்கையை யாரிடம் கொடுப்பார்? அக்கா அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் எழுதினாள். கழிப்பறைக்கு மட்டும் கிளைவிதி ஒன்று சேர்க்கப்பட்டது: தூக்கிக்கொண்டு போகப்படுகிறவர் எழுந்தவர் ஆகமாட்டார். தூக்கிக்கொண்டு போனவன் தம்பி. இந்த விதிக்கு எதிராக வாக்களித்த ஒரே ஆளும் அவன்தான்.

மறுநாளிலிருந்து அக்கா தன் இடத்தில் தையல்காரம்மாவை உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். நிம்மதியாகச் சாந்து குழைத்தாள். துண்டும் கையுமாக அலைந்த வீட்டார் அவளைக் கண்டதும் கண்ணீர் விட்டார்கள்.

வீட்டில் வயர்மேன் சும்மா இருக்கவில்லை. குண்டு விழுந்ததா இல்லையா என்று எட்டிப் பார்க்கவேண்டியிருப்பது கேவலம் என்றார். உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இரண்டு செம்புக் கம்பிகளைத் தொடாமல் எதிரெதிரே விட்டார். எஃகுக் குண்டு நடுவில் விழுந்து இரண்டையும் தொட்டால் மின்சாரம் பாயும். தன் ஓட்டைக்கு வாசல் மணி. தம்பியுடையதற்கு ஒரு லாரி ஹாரன். அக்காவுடையதற்கு இருநூறு வாட்ஸ் பல்பு, அதற்குச் சிவப்புக் கண்ணாடித்தாள். எல்லாவற்றுக்கும் இணைப்பு நேரே வீட்டு லைனிலிருந்து. அதனால் யாருக்குப் புள்ளி விழுந்தாலும் கட்டடம் முழுக்க விளக்கு ஒரு கணம் மங்கி எரிந்தது. இட்லிச் சட்டியில் ஆவி நின்றுபோன வீடுகள்கூட உண்டு என்றார்கள்; அது மிகை, ஆவி குறைந்தது, அவ்வளவுதான். தெருக்கோடியில் இருப்பவர்கள் ஜன்னலைப் பார்த்தே புள்ளி எண்ணினார்கள். ஹாரன் கேட்டால் பேருந்துகள் ஒதுங்கின.

பதினெட்டாம் நாள் எலும்பு டாக்டர் காலைப் பார்க்க வந்தார். தம்பிக்கு அவசரமாக ஒரு கதவு மாட்டவேண்டியிருந்தது. இரண்டு நிமிஷம் என் இடத்தில் உட்காருங்கள் என்று டாக்டரை அமர்த்திவிட்டுப் போனான். மூன்று மணி நேரம் கழித்து வந்து, இடத்தை விடுங்கள் என்றான். டாக்டர் ஆப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், தான் போட்டுக் கொடுத்திருக்கும் முப்பத்தேழு புள்ளியைக் காட்டி, நன்றி சொல்லத் தெரியாதா என்று கேட்டார். மறுநாளிலிருந்து அவர் மருத்துவமனை மாடிப்படியில் நடந்தது. நோயாளிகள் படிக்கு ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து, டாக்டரின் இடது கையில் தங்கள் மணிக்கட்டைக் கொடுத்துவிட்டு, வலது கையால் எந்தச் சந்தை அடைக்கலாம் என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல யோசனை சொன்னவர்களுக்கு மாத்திரை கசக்காததாகக் கிடைத்தது.

முப்பத்தொன்பதாம் நாள்தான் அக்காவுக்கு உயிர் ஒரு நிமிஷம் போய்த் திரும்பியது.

சாயங்காலம். வீட்டில் அவளும் அவரும் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு எழுநூற்று நாற்பது, அவருக்கு அறுநூற்றுப் பதினொன்று. தம்பியும் டாக்டரும் அன்றைக்கு வந்து உட்காரவே இல்லை; உட்காராதவர் எழுந்தவர் ஆகமாட்டார் என்பதால் தம்பியின் புள்ளி அப்படியே இருந்தது. ஆனால் குண்டு போய் அவன் ஓட்டையில்தான் விழுந்தது. விழுந்து மாட்டிக்கொண்டது. ஹாரன் அலறத் தொடங்கியது, நிற்கவில்லை. கம்பி சூடேறி, மேசைக்கடியில் புகை கிளம்பிற்று. ஃப்யூஸ் பெட்டி வாசலுக்குப் பக்கத்தில், கட்டிலிலிருந்து எட்டு எட்டு எடுத்து வைக்கிற தூரம்.

வயர்மேனுக்குப் புகை வாசனை பட்டால் உடம்பு தானாகக் கிளம்பிவிடும். அவருக்கே தெரியாமல் மாவுக்கட்டுக் கால் தலையணையிலிருந்து இறங்கியது. அக்காவுக்கு அவர் முகம் தெரியவில்லை. தரையும், அந்தக் காலும், நடுவில் குறைந்துகொண்டே வந்த இடைவெளியும்தான் தெரிந்தன. ஏந்திப் பிடிக்க நடுவில் மேசை இருந்தது.

"எழுந்தா அறுநூத்திப் பதினொண்ணும் போயிடும்ங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை.

கால் நின்றது. தரைக்கு அரை விரல் மேலே, ஆணி அடித்த மாதிரி நின்றது. அவர் ஹாரனைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், கட்டிலோரச் சுவரில் கரியால் எழுதியிருந்த தன் புள்ளியைப் பார்த்தார். காலைத் திரும்பத் தலையணை மேல் தூக்கி வைத்தார்.

"நீ போ. மேல் வரிசையில ரெண்டாவது. கையைத் துடைச்சுக்கிட்டுப் பிடுங்கு."

அவள் ஓடிப்போய்ப் பிடுங்கினாள். ஹாரன் அடங்கியது. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தக் கால் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். இருந்தது. வயர்மேன் கரித்துண்டைக் கையில் எடுத்து, புகை கலைவதற்குள், அவள் பெயருக்கு நேரே பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாத்து ஆள் வைக்கல நீ," என்றார், கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷப்படாத முகத்தோடு.

எழுநூற்று நாற்பது புள்ளி போனதற்கு எந்த மனிதப் பிறவியும் இப்படிச் சிரித்திருக்காது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாற்பத்திரண்டாம் நாள் டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாவுக்கட்டை வெட்டி எடுத்தார். கால் வெளுத்து, இளைத்து, ஆனால் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவர் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், இனி நடக்கலாம், இன்றைக்கே நடக்கவேண்டும், இல்லாவிட்டால் சதை மறந்துவிடும் என்றார். அக்கா வயர்மேனின் செருப்பைக் கொண்டுவந்து வைத்தாள்.

வயர்மேன் எழவில்லை.

அவருக்கு அறுநூற்று எண்பத்தெட்டு. தம்பிக்கு அறுநூற்று எண்பது. இந்த நேரத்தில் எழுந்தால் யார் நம்மை மதிப்பார்கள் என்று கேட்டார். ஒரு நாள் போயிற்று. இரண்டு நாள் போயிற்று. அக்கா கெஞ்சினாள், மிரட்டினாள், ஏணியைக் கொண்டுவந்து கண்ணெதிரே சுவரில் சாய்த்து வைத்தாள். அவர் ஏணியைப் பாசத்தோடு பார்த்துவிட்டு ஒரு கிளிப்பைச் செருகினார். டாக்டரைக் கூப்பிட்டு அதட்டச் சொன்னாள். டாக்டர் அதட்டினார், ஆனால் தன் முறை முடிந்த பிறகு. நாற்பத்திரண்டு நாள் எந்தக் காலைத் தரையில் படாமல் காத்தாளோ, அதே காலை இப்போது தரையில் வைக்க வழி தெரியாமல் அவள் சமையலறையில் போய் நின்றாள். பூட்டைச் செய்தவள் அவள்தான். அவ்வளவு நல்ல பூட்டு.

மூன்றாம் நாள் விடியுமுன், வயர்மேன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அவள் இரண்டு ரோஸ் டைல்ஸ் துண்டுகளோடு வந்தாள். மேசைக்கடியில் குனிந்து, தாழ்ந்த மூலைப் பக்கத்து மேசைக்காலுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினாள். மட்டப்பலகையை வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் தட்டினாள். நீர்க்குமிழ் நடுவில் வந்து நின்றது. எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

வயர்மேன் குண்டை விட்டார். அது மூன்று விரல்கடை ஓடி, நின்றது. மணி இல்லை, ஹாரன் இல்லை. டாக்டர் மெதுவாக ஊதிப் பார்த்தார். தம்பி மேசையை ஒரு தட்டுத் தட்டினான். குண்டு நீல டைல்ஸ் ஓரமாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"என்னமோ ஆயிடுச்சு," என்றார் வயர்மேன். "கம்பியில இல்ல. அடியில."

அவர் எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டு. பிடியை விட்டு இன்னொரு எட்டு. தம்பி வாயைத் திறக்கப்போனான். தையல்காரம்மா கையிலிருந்த துணியை அவன் வாயில் வைத்தாள். வயர்மேன் மேசையைச் சுற்றி வந்து, முட்டி போட்டு, தலையை உள்ளே விட்டு, அந்த ரோஸ் துண்டுகளைப் பார்த்தார்.

"எழுந்துட்டீங்க," என்றாள் அக்கா.

தலை வெளியே வந்தது. தன் காலைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த கட்டிலைப் பார்த்தார், அது அவ்வளவு தூரத்தில் இருந்தது அவருக்கு வியப்பாக இருந்தது. அக்கா கரித்துண்டை எடுத்து, அறுநூற்று எண்பத்தெட்டை அழித்து, முட்டை மாதிரி அழகான பூஜ்யம் ஒன்று போட்டாள்.

"களவாணி," என்றார் அவர். அதை அவர் சொன்ன விதத்தில் தையல்காரம்மா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாடிப்படி உச்சியில் நிறுத்தி ஏறினார். ஏறும்போதே பாட்டு வந்தது, அப்புறம் தம்பியைப் பற்றி ஒரு கேலி, அப்புறம் டாக்டர்களைப் பற்றி ஒரு நியாயம். அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இரண்டு பாதமும் ஒரு சிரிப்பும் தெரிந்தன. பழைய பல்பைக் கழற்றிப் புதியதை மாட்டி, சுவிட்சைப் போடச் சொன்னார். போட்டாள். படி முழுக்க, படியில் காத்திருந்த நோயாளிகள் முகமெல்லாம், கீழ்வீடு வரைக்கும் பளீரென்று வெளிச்சம் கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

இதுவும் சத்தியம்: அந்தக் கட்டடத்துக்கு இன்றுவரை மின் இணைப்பு கொடுக்கப்படவில்லை.